டெல்டாவில் ஏன் இத்தனை சாமிநாதன்கள்?

காவிரிப் படுகையில் ஒருவர் பெயரைக் கேட்டாலே, அவர் குடும்பம் எந்தக் கோயிலை நம்பி வாழ்ந்தது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். சாமிநாதன் என்றால் சுவாமிமலை. வைத்தியநாதன், தையல்நாயகி, முத்துக்குமாரசாமி மூவருக்கும் வைத்தீஸ்வரன்கோயில். மகாலிங்கம் திருவிடைமருதூர், அபயாம்பாள் மயிலாடுதுறை, அபிராமி திருக்கடையூர், ராஜகோபாலன் மன்னார்குடி, சிங்காரவேலு சிக்கல். மதம் வேறானாலும் முறை இதேதான்: நாகூரால் சாகுல் ஹமீதும் நாகூர் மீரானும், வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவால் ஆரோக்கியசாமியும் ஆரோக்கியமேரியும். 1767இல் திருவாரூரில் பிறந்த சங்கீத மேதை தியாகராஜருக்கும் அவ்வூர்ப் பெருமான் பெயர்தான்.

தென்கொரியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கிம். அங்கே குடும்பப் பெயர் அப்பாவிடமிருந்து மாறாமல் இறங்கும். ஆண் வாரிசு அற்றுப்போன வீட்டின் பெயர் அதோடு முடியும், மிஞ்சிய பெயர்கள் பெருகும். இந்தக் கணக்கை ஆங்கிலேய அறிஞர்கள் கால்டனும் வாட்சனும் 1874இலேயே எழுதிவிட்டார்கள். நம் இனிஷியலோ தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது, அதனால் இங்கே அது நடக்காது. இங்கே திரும்பத் திரும்ப வருவது இட்ட பெயர். கோயிலுக்கு அடுத்து அதற்குக் காரணம் தாத்தா.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. தலைமகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயரை வைப்பது வழக்கம். சா. மகாலிங்கத்தின் மகன் ம. சாமிநாதன், அவர் மகன் மறுபடி சா. மகாலிங்கம். மகாலிங்கத்துக்கு இன்னொரு மகன் வைத்தியநாதன் இருந்தால், அவர் வீட்டுப் பேரன் வை. மகாலிங்கம். ஆக, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளை இனிஷியல் நன்றாகவே பிரித்துக் காட்டும். தாத்தாவையும் பேரனையும் மட்டும் அதனால் பிரிக்கவே முடியாது. இனிஷியலை முழுதாக விரித்து எழுதினாலும் இருவரும் ‘சாமிநாதன் மகன் மகாலிங்கம்’தான். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்று மருமகள்கள் பிள்ளையை வேறு பெயரால் கூப்பிட்டதில், வீட்டுக்குள்ளாவது குழப்பம் தீர்ந்தது.

கணக்காகவும் பார்க்கலாம். ஓர் ஊரில் 500 ஆண்கள், புழக்கத்தில் 200 பெயர்கள், 15 இனிஷியல்கள் என்று வைத்துக்கொள்வோம். 3,000 சேர்க்கைகள் இருக்க, 500 பேருக்குப் போதாதா என்று தோன்றும். போதாது. 500 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 1,24,750 ஜோடிகள். அதை 3,000ஆல் வகுத்தால், இனிஷியலும் பெயரும் ஒன்றாக உள்ள ஜோடிகள் சராசரியாக 41க்கு மேல். எல்லாப் பெயரும் சம அளவில் புழங்கினால்தான் இந்த எண். சாமிநாதன்கள் மிகுந்த ஊரில் இன்னும் கூடும்.

இது வயலில் வந்து கடிக்கும். தாத்தா இறந்த பிறகும் பட்டா சா. மகாலிங்கம் பெயரிலேயே கிடக்கும். பேரனுக்கும் அதே பெயர் என்பதால் பட்டா மாற்ற யாருக்கும் தோன்றாது. விற்கப் போகும்போதுதான், தாத்தாவின் மற்றப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் உள்ள பங்கு வெளியே வரும். பேரன் பெயரைப் பார்த்து வாங்கியவர் வழக்கில் மாட்டுவார். அதனால் பெயரை நம்பாமல், புல எண்ணை வைத்து வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். பட்டாதாரர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்க வேண்டும். பேரனின் பிறந்த தேதியைப் பத்திரத் தேதியோடு ஒப்பிட்டாலே பாதி தெளிவாகிவிடும்: அவர் பிறக்கும் முன் எழுதிய பத்திரம் அவருடையதாக இருக்க முடியாது.

ஊரையும் இனிஷியலில் சேர்த்தது நல்ல ஏற்பாடு. உ.வே.சா. என்பதில் ‘உ’ உத்தமதானபுரம், ‘வே’ தந்தை வேங்கடசுப்பையர். படிவங்களில் அப்பா எழுத்து மட்டும் மிஞ்சி, ஊர் எழுத்து உதிர்ந்துபோனது பெரிய இழப்பு.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இதைச் சரியாகச் செய்திருக்கிறது. ராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலை ஒட்டிய தெருக்களில் வாழ்ந்த ஆடல் மகளிர், சுமார் 400 பேர். எல்லாருக்கும் ‘நக்கன்’ என்ற முன்னொட்டு, ஒரே பெயர் பலருக்கு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். அளப்பதில் ஆள் மாறக்கூடாதே! எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, முன்பு எந்த ஊர்க் கோயிலில் இருந்தவர் என்றெல்லாம் வெட்டிவிட்டுத்தான் பெயரை வெட்டியிருக்கிறார்கள்.