வீட்டுத் தோட்டத்துக்கு அரசு தரும் விதையும் செடியும்: எந்தத் தொகுப்பு யாருக்கு?

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை வீடுகளுக்குக் காய்கறி விதை தருகிறது என்பது பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். இலவசமா, காசா? நிலம் இருந்தால்தான் கிடைக்குமா? மாடி இல்லாதவர்கள் என்ன செய்வது? கேள்விகள் பெரும்பாலும் இவைதான். இதில் குழப்பம் வரக் காரணம் உண்டு. ஒரே திட்டம் என்று நாம் நினைப்பது, வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பெயரிலும் விலையிலும் வந்த பல தொகுப்புகள்.

முதலில் வந்தது நகரத்துக்கான மாடித்தோட்டத் தொகுப்பு. 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற பெயரில் மானிய விலையில் தொடங்கினார்கள். 2021 டிசம்பரில் ‘முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்’ வந்தபோது கிராமங்களையும் சேர்த்துக்கொண்டார்கள், மானியம் 75 சதவீதம் ஆனது. 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தொகுப்பு 225 ரூபாய்க்குக் கிடைத்தது. கிராமத்துக்கு 12 வகை காய்கறி விதைப் பொட்டலங்கள் 15 ரூபாய். எட்டுச் செடிகள் கொண்ட ஊட்டச்சத்துத் தொகுப்பு 25 ரூபாய்.

அடுத்து 2025-26 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்த ‘ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம்’. இதை 2025 ஜூலையில் தொடங்கினார்கள். இதில் முழு மானியம், அதாவது நாம் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் அடங்கிய தொகுப்பு 15 லட்சம் வீடுகளுக்கு. பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் 9 லட்சம் வீடுகளுக்கு. மரத்துவரை, காராமணி, அவரை விதைகள் ஒரு லட்சம் வீடுகளுக்கு.

அந்த 15 லட்சத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மாநிலத்தில் ரேஷன் அட்டைகள் இரண்டு கோடிக்கு மேல். ஏறத்தாழ பதினைந்து குடும்பத்தில் ஒரு குடும்பத்துக்குத்தான் விதைத் தொகுப்பு வரும். முதியோர் ஓய்வூதியம் போல, தகுதி இருந்தால் கேட்டுப் பெறும் விஷயம் இல்லை இது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்தனை என்று இலக்கு வரும், அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். ‘தகுதி இருந்தும் தரவில்லை’ என்று அலுவலகத்தில் சண்டை போடுபவர்களைவிட, ‘இந்த வருஷ ஒதுக்கீடு எப்போ வருது?’ என்று முன்கூட்டியே விசாரிப்பவர்களுக்குத்தான் தொகுப்பு கிடைக்கிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். அறிவிப்பு, அரசாணை எல்லாம் முடிந்து விதை வந்து சேர ஆடி நெருங்கிவிடும். ஆகவே வைகாசி, ஆனி மாதங்களில் ஒரு நடை போய்க் கேட்டு வைப்பது நல்லது.

எங்கே கேட்பது? கிராமத்தில் என்றால் வட்டார தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். உங்கள் ஊருக்கு வந்துபோகும் உதவி தோட்டக்கலை அலுவலரிடம் சொன்னாலும் போதும். தோட்டக்கலைத் துறையின் இணையதளத்திலும் உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். ஆதார் நகலும் கைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும். இது வீட்டுக்கான திட்டம், விவசாயிக்கான மானியம் அல்ல. அதனால் நிலமே இல்லாதவரும் வாடகை வீட்டில் இருப்பவரும் தயங்காமல் கேட்கலாம். எந்த ஆண்டில் எந்தத் தொகுப்பு இருக்கிறது, என்ன விலை என்பதைப் பதிவு செய்யும்போதே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மேலே சொன்ன விலைகள் அந்தந்த ஆண்டின் விலைகள்.

இனி, எதைக் கேட்பது என்பது. பெரும்பாலானவர்கள் மாடித்தோட்டத் தொகுப்பைத்தான் கேட்கிறார்கள். அதற்குள் செடி வளர்ப்புப் பைகள் ஆறு, இரண்டு கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி ஆறு, ஆறு வகை விதை, உயிர் உரம், உயிரிப் பூஞ்சைக்கொல்லி, வேம்பு சார்ந்த பூச்சிக்கொல்லி, ஒரு கையேடு. பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் கட்டியை ஊறவைத்துப் பையை நிரப்பி அப்படியே விதைத்துவிட்டு, செடி ஒரு சாண் வளர்ந்ததும் வெளிறி நின்றுவிட்டது என்று புலம்புபவர்கள் நிறைய. நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைக்கும், சத்து தராது. மண்புழு உரமோ மக்கிய சாணமோ கூடவே கலந்தாக வேண்டும், கொஞ்சம் செம்மண்ணும் சேர்ந்தால் வேர் நன்றாகப் பிடிக்கும். அந்தச் செலவு நம்முடையது. உயிர் உரம் என்பது உயிருள்ள நுண்ணுயிர். காலாவதித் தேதி பாருங்கள், வெயிலில் வைக்காதீர்கள், ரசாயன உரத்தோடு கலக்காதீர்கள். வேம்பு மருந்தை மாலையில் தெளிக்க வேண்டும், வெயிலில் அதன் வீரியம் போய்விடும். எத்தனை மில்லி என்பது புட்டிக்குப் புட்டி மாறும், லேபிளைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு பையை வைத்துக்கொண்டு நால்வர் குடும்பத்துக்கு அதை எட்ட முடியாது. காய்கறிக் கடைச் செலவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு இறங்கினால் ஏமாற்றம்தான். ஆறு பையில் நம்பி வைக்கத் தக்கது கீரை. முளைக்கீரை, சிறுகீரை எல்லாம் மூன்று நான்கு வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடும், திரும்பத் திரும்ப விதைக்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. வீட்டுக்கு வீடு விதை கொடுக்க அரசு பணம் ஒதுக்குவதில் இதற்கும் பங்கு உண்டு. கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லியோ கூட இருப்பது நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது கெடுதல்.

என்னைக் கேட்டால், நான்கு அடி மண் இருப்பவர்கள் அந்த எட்டுச் செடித் தொகுப்பைத்தான் முதலில் கேட்க வேண்டும். பப்பாளி, எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை, திப்பிலி, கற்பூரவல்லி, புதினா, சோற்றுக்கற்றாழை. விதைப் பை ஒரு பருவத்தோடு முடியும். முருங்கையும் கறிவேப்பிலையும் வருஷக்கணக்கில் நின்று கொடுக்கும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும் என்று வாசல் முருங்கையை வெட்டிவிட்டு, அதே கீரையைச் சந்தையில் கட்டு விலைக்கு வாங்கும் வீடுகள் உண்டு. மரத்தை இடுப்புயரத்தில் கவாத்து செய்து தாழ்வாக வைத்திருந்தால் பூச்சியைக் கண்டதும் கிளையோடு எடுத்துவிடலாம், கீரை பறிக்கவும் ஏணி வேண்டாம். கற்பூரவல்லிக்கும் புதினாவுக்கும் பெரிய வெயில் தேவையில்லை, சமையலறை ஜன்னல் ஓரம் போதும். சளிக்குக் கற்பூரவல்லிச் சாறு, பஜ்ஜிக்கு அதே இலை! மண்ணே இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் பப்பாளியையும் முருங்கையையும் வாங்கித் தொட்டியில் வாட விடுவதைவிட, ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

விதை முளைக்கவில்லை என்பதுதான் இத்திட்டத்தின் மீது அதிகம் வரும் குறை. பாதி நேரம் பிழை விதைப்பில் இருக்கும். கீரை விதையை ஆழமாகப் புதைத்தால் மேலே வராது. மணல் கலந்து தூவி, மேலே லேசாக மண் போட்டால் போதும். தக்காளி, கத்தரி, மிளகாயை நாற்றுவிட்டு 25 முதல் 30 நாளில் பிடுங்கி நட வேண்டும். வெண்டை, கொத்தவரையை நேரடியாக ஊன்ற வேண்டும். மீதிப் பாதி நேரம் விதையே பழசாக இருக்கலாம். பொட்டலத்தில் குவியல் எண் (லாட் நம்பர்), சோதனை நாள், காலாவதி நாள், முளைப்புத்திறன் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. இருபது விதையை எடுத்து ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பாருங்கள். பாதி கூட முளைக்கவில்லை என்றால் பொட்டலத்தோடு அலுவலகத்துக்குப் போய் மாற்றுக் கேட்கலாம். அதனால் கவரைக் கிழித்து எறிய வேண்டாம்.

கவரை வைத்திருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. வீரிய ஒட்டு ரகம் என்றோ ஹைபிரிட் என்றோ போட்டிருந்தால் அதில் விதை எடுக்காதீர்கள், அடுத்த முறை அதே காய் வராது. சாதாரண ரகம் என்றால் கொத்தவரை, அவரை, காராமணியில் நல்ல செடியாகப் பார்த்து நாலு காயைச் செடியிலேயே முற்றிக் காயவிட்டு, விதையை எடுத்துச் சாம்பல் புரட்டி டப்பாவில் போட்டு வையுங்கள். ஒதுக்கீடு உங்கள் வட்டாரத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த ஆடிக்கு விதை கையில் இருக்கும்.