"ரொபோ பூட்டின கார்தானே, என்ன பிழை வரப்போகுது?"

மின்சாரக் கார் வாங்கப்போகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சேசி இலக்கத்தைப் போட்டு ரீகால் (பழுதைச் சரிசெய்ய நிறுவனமே காரைத் திருப்பி அழைப்பது) இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்றால், "பிராண்ட் நல்ல பிராண்ட்" என்று பதில் வரும். பிராண்டின் பெயர் பொனட்டில் ஒட்டியிருக்கிறது, சரி. பற்றரிக்குள் இருக்கும் செல்லைச் செய்தது யார், எந்தத் தொழிற்சாலையில், எந்த மாதத்தில்? அதை ஒருவரும் கேட்பதில்லை.

ரொபோ பிழை விடாது என்பது அரைவாசி உண்மை. சொல்லிக்கொடுத்ததை அது அப்படியே திரும்பத் திரும்பச் செய்யும். சொல்லிக்கொடுத்ததே பிழை என்றால் பிழையையும் அப்படியே செய்யும். கைத்தொழிலாளி ஒன்றைக் கோணலாக வைத்தால் அடுத்ததை எடுக்கும்போது அவருக்கே கண்ணில் படும். இயந்திரத்தின் பிடி அரை மில்லிமீட்டர் விலகினால், கமரா கண்டுபிடிக்கும் வரை தயாரிப்பு வரிசையில் வருவதெல்லாம் அதே கோணல்தான். தகட்டை வெல்டிங் பண்ணவும் பெயின்ட் அடிக்கவும் ரொபோவை விட்டால் ஆளில்லை, அதில் சண்டை வேண்டாம். ஆனால் துணி, ரப்பர், வயர் என்று குழைந்து வளையும் எதைக் கொடுத்தாலும் திணறும்.

டெஸ்லா பட்ட பாட்டைப் பாருங்கள். மொடல் 3 கார்களை 2017 ஜூலையில் கொடுக்கத் தொடங்கியபோது, அந்த ஆண்டு முடிவில் வாரத்துக்கு 5,000 என்று இலக்கு வைத்தார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை மொத்தமாகவே 260 கார்கள்தான் வந்தன. நெவாடாவில் பற்றரி மொடியூல் (பல செல்களைச் சேர்த்த கட்டு) செய்யும் வரிசையை அமைத்துக் கொடுக்க வேண்டிய ஒப்பந்தக்காரர் சொதப்ப, அதன் மென்பொருளை டெஸ்லாவே புதிதாக எழுத வேண்டி வந்தது. இன்னொரு ரொபோவின் வேலை, பற்றரியின் மேல் கண்ணாடியிழை விரிப்பை வைப்பது. விரிப்பைத் தூக்கவே தெரியாமல் அது வரிசையையே தாமதப்படுத்தியது. கடைசியில் விரிப்புடனும் விரிப்பில்லாமலும் காருக்குள் கேட்கும் சத்தத்தைச் சோதித்தார்கள். வித்தியாசமே இல்லை! விரிப்பையே எடுத்துவிட்டார்கள். தேவையில்லாத பாகத்துக்கு ரொபோ. வாரத்துக்கு 5,000 எட்டியது 2018 ஜூன் கடைசியில், அதுவும் பிரீமொன்ட் தொழிற்சாலை வளவில் கூடாரம் அடித்து, ஆட்களை நம்பி ஓடிய ஒரு வரிசையும் சேர்ந்த பிறகு. அளவுக்கு மீறிய தானியக்கம் தன் பிழைதான் என்று எலான் மஸ்க் அந்த ஏப்ரலிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்.

அது தாமதம் மட்டும். வெளியாரின் பாகத்தில் பிழை ஒளிந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஷெவர்லே போல்ட் என்ற அமெரிக்க மின்சாரக் கார் இருக்கிறது. செல் கொரியாவின் எல்ஜியுடையது. கிழிந்த அனோட் டெப் (மின்முனையின் இணைப்புத் தகடு), மடிந்த செப்பரேட்டர் (மின்முனைகளைப் பிரித்து வைக்கும் மெல்லிய படலம்), இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து வந்தால் தீ. 2020 நவம்பரில் ஒரு பகுதிக் கார்களை மட்டும் திருப்பி அழைத்தார்கள். 2021 ஆகஸ்டில் எல்லாவற்றையும் அழைக்க வேண்டியதாயிற்று, சுமார் 1,42,000 கார்கள். அதுவரை உரிமையாளர்களுக்குச் சொன்னது: 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள், வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள். ஒரு காரில் 288 செல். பெருக்கினால் 4 கோடிக்கு மேல். பத்து லட்சத்துக்கு ஒரு செல் பழுது என்று வைத்துக்கொண்டாலே 40 கார்கள் எரியலாம். "பத்து லட்சத்தில் ஒன்று" என்பது மின்சாரக் காரில் நல்ல கணக்கே அல்ல. ஹூண்டாய் கோனாவும் எல்ஜி செல்லால்தான் 2021இல் மாட்டிக்கொண்டது.

காருக்குள் ஓடும் வயர்களைச் சேர்த்துக் கட்டிய வயர் கட்டு இன்னொரு கதை. இன்றைக்கும் பெரும்பகுதி கையால்தான் பின்னுகிறார்கள். 2022இல் உக்ரைனில் போர் வந்ததும் அங்கிருந்து வந்த வயர் கட்டுகள் நின்றன, ஜெர்மனியின் சுவிக்காவ் நகரில் வோக்ஸ்வாகனின் மின்சாரக் கார் ஆலையும் நின்றது. அத்தனை ரொபோக்களும் சும்மா நின்றன.

சரி, கொழும்பில் இருக்கும் நாம் என்ன செய்வது? ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வாகனத்துக்கு ரீகால் கடிதம் ஜப்பானில் இருக்கும் பழைய உரிமையாளருக்குத்தான் போகும். வெள்ளவத்தைக்கு ஒருநாளும் வராது. நீங்கள்தான் தேட வேண்டும். அமெரிக்கத் தளத்தில் தேடி "ஒன்றும் இல்லை" என்று சந்தோஷப்படாதீர்கள். அது 17 எழுத்து இலக்கத்துக்கானது. நிசானின் மின்சாரக் காரான லீஃபை எடுங்கள், ஜப்பான் உள்நாட்டு லீஃபின் இலக்கம் ஏஇசட்ஈ0, இசட்ஈ1 என்று தொடங்கும் குறுகிய ஒன்று. நிசானின் ஜப்பானிய ரீகால் பக்கத்தில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். பக்கம் ஜப்பானிய மொழியில் இருந்தால் என்ன, போனில் மொழிபெயர்ப்பு இருக்கிறதே?

பழைய லீஃப் என்றால் டாஷ்போர்டில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கட்டையும் நிரம்பியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பற்றரிக் கணினியை ரீசெட் பண்ணினால் கட்டைகள் கூடித் தெரியும், சில வாரங்களில் பழைய இடத்துக்கே இறங்கும். சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும் வரை ஓட்டிவிட்டு, ஏற்றத்தில் அழுத்தும்போது லீஃப்ஸ்பை என்ற போன் செயலியில் 96 செல் ஜோடிகளின் வோல்ட் அளவையும் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டு ஆழமாக விழுந்தால் அதுதான் பழுது. முழு சார்ஜில் அது ஒளிந்துகொள்ளும், விற்பவருக்கும் அது தெரியும்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வேறு காரின் மொடியூலை வாங்கி ஒன்றிரண்டை மாற்றுவது மலிவுதான். தொடராக இணைந்த செல்களில் பலவீனமானதுதான் எல்லாவற்றுக்கும் எல்லை போடும். புதியதும் பழையதும் கலந்தால் கொள்ளளவை அளந்து ஜோடி சேர்த்தார்களா என்று கேளுங்கள், தயவுசெய்து.

உயர் வோல்ட் ஓடும் செம்மஞ்சள் வயரைத் தொடுவதற்கு முன் சேர்விஸ் பிளக்கை (பற்றரியின் மின்சுற்றைத் துண்டிக்கும் பிளக்) கழற்றிப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், 1,000 வோல்ட் கையுறை வேண்டும். உள்ளே ஓடுவது 400 வோல்ட் அளவு. கராஜ் பாஸிடம் கையுறை எங்கே என்று கேளுங்கள். சிரித்தால் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.