கடைசிப் பாட்டின் இடநெருக்கடி

அமெரிக்க ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘ஆக்சிஸ்: போல்டு ஆஸ் லவ்’ ஆல்பத்தின் உறையை முதல்முறை பார்க்கும் தமிழர் கொஞ்சம் திகைத்துத்தான் போவார். காலண்டரில் நாம் பார்த்துப் பழகிய விஸ்வரூப தரிசனப் படம். அதில் திருமாலின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஹென்ட்ரிக்ஸும் அவருடைய கூட்டாளிகள் இருவரும். ஹென்ட்ரிக்ஸுக்கே அந்த உறை பிடிக்கவில்லை. தனக்கு அமெரிக்க இந்தியர்களான செரோக்கி பழங்குடி வழி உண்டு என்று சொல்லிக்கொண்டவர் அவர். ‘இந்தியன்’ என்ற சொல்லை யாரோ தப்பாகப் புரிந்துகொண்டார்கள் போல.

1967 டிசம்பரில் பிரிட்டனில் வெளிவந்த இந்த சைக்கடெலிக் ராக் ஆல்பத்தை, அமெரிக்காவின் அனலாக் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் 200 கிராம் எடையுள்ள வினைல் தட்டாக மறுபதிப்பு செய்தது. சாதாரண எல்பியைவிட விலை பல மடங்கு. அந்தக் காசு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள, ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் போகவேண்டும்.

அதன் பிற்பகுதியில் எல்லாம் அடங்கி, மிட்ச் மிட்செலின் டிரம்ஸ் மட்டும் உருண்டு வரும். ஜெட் விமானம் தலைக்கு மேல் கடப்பதுபோல் அந்த ஒலி சுழன்று, ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போகும். இதற்குப் பெயர் ஃபேசிங். ஒரே ஒலியை இரண்டு டேப் இயந்திரங்களில் சேர்த்து ஓடவிட்டு, ஒன்றின் வேகத்தைத் துளி கூட்டிக் குறைப்பார்கள். ஒன்று மற்றதைவிட 1 மில்லிவினாடி பிந்தினால், 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அதிர்வெண்களில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பிந்தும் நேரம் மாறமாற இந்த ஓட்டைகளும் நகரும். நம் காதுக்கு அது சுழற்சியாகக் கேட்கிறது. லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் எடி கிரேமரும் சக பொறியாளர்களும் அதை ஸ்டீரியோவில் செய்தார்கள்.

டேப்பில் இது ஜோர். வினைலில்தான் சிக்கல்.

இசைத்தட்டின் பள்ளம் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவம் கொண்டது. அதன் ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, மறு சுவரில் வலப்பக்க ஒலி. இரண்டும் ஒத்துப்போனால் முள் பக்கவாட்டில் மட்டும் ஆடும். ஒத்துப்போகாத அளவுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும், அதாவது பள்ளம் ஆழமாகும், மேலேறும். ரொம்ப மேலேறினால் முள்ளைப் பிடித்துவைக்கப் பள்ளமே இருக்காது; துள்ளி வெளியே வந்துவிடும். அதனால்தான் தட்டு வெட்டுபவர்கள் பேஸ் எனும் தாழ்ந்த ஒலியை இரு பக்கமும் ஒரே அளவாக, நடுவிலேயே நிறுத்தப் பார்ப்பார்கள். இடமும் வலமும் வேண்டுமென்றே முரண்டு பிடிக்கும் ஒரு டிரம்ஸ் அவர்களுக்குத் தலைவலி.

அதோடு முடிந்ததா? அது இருக்கும் இடம் இன்னும் மோசம்: கடைசிப் பாட்டு என்பதால் தட்டின் உள்முனை. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. வெளிவிளிம்பில் அந்த 1.8 வினாடிக்குள் முள் 90 சென்டிமீட்டருக்கு மேல் கடக்கிறது. உள்ளே, காகித லேபிளுக்குப் பக்கத்தில், அதே நேரத்தில் 38 சென்டிமீட்டர்தான். 10,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்று வெளிவிளிம்பில் சுமார் 51 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளத்துக்குக் காலை நீட்டிக்கொள்ளும். உள்ளே அதற்குக் கிடைப்பது 21 மைக்ரான். உருண்டை முனை முள்ளின் ஆரமே 18 மைக்ரான் அளவு இருக்கும்போது, அந்த வளைவுக்குள் அது எப்படி நுழையும்? டிரம்ஸோடு தட்டும் சிம்பல் என்ற உலோகத் தட்டின் ஒலி மழுங்கிப்போகும், இல்லாவிட்டால் சீறும். ஆல்பத்திலேயே நுணுக்கமான ஒலி, தட்டிலேயே நெருக்கடியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு வழி, ஆல்பத்தை இரண்டு தட்டுகளாகப் பிரித்து நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் வெட்டுவது. வேகம் 35 சதவீதம் கூடும், பாட்டும் லேபிள்வரை போகத் தேவையில்லை. பக்கத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் திருப்பிப்போடுவது ரசிகரின் பாடு. இன்னொரு வழி, வெட்டும்போதே கவனமாக இருப்பது. டேப் இயந்திரத்தில் கூடுதலாக ஒரு ஹெட், அதாவது டேப்பைப் படிக்கும் முனை, இருக்கும். வரப்போகும் ஒலியை அது முன்கூட்டியே படித்துச் சொல்ல, வெட்டும் இயந்திரம் அதற்கேற்பப் பள்ளங்களுக்கு இடையே இடம் விடும்.

வெட்டுவது அலுமினியத்தின்மேல் பூசிய அரக்குத் தட்டில். (இந்தத் தட்டைச் செய்துவந்த ஆலைகள் உலகத்தில் இரண்டே இரண்டு. கலிபோர்னியாவில் இருந்தது 2020 பிப்ரவரியில் எரிந்துபோய், ஜப்பான் ஆலை மட்டும் மிஞ்சியது.) அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்து உரித்தால் அச்சு கிடைக்கும். அந்த அச்சிலிருந்து இன்னொரு நகல், அதிலிருந்து அழுத்தும் அச்சு. ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் துளி தேயும். உயர்ரகப் பதிப்புகளில் படிகளைக் குறைப்பார்கள், அல்லது ஓர் அச்சிலிருந்து சில நூறு தட்டுகளோடு நிறுத்திக்கொள்வார்கள். என் கணக்கில் காசுக்குப் பெறுமானம் இங்கேதான். 200 கிராம் என்பது பெரும்பாலும் கையில் எடுக்கும்போது தெரியும் சுகம். தட்டு எளிதில் வளையாது என்பது சரி, ஆனால் பள்ளத்தின் ஆழம் 120 கிராம் தட்டிலும் அதே அளவுதான்.

இப்படிப்பட்ட தட்டுகள் பெருமையோடு போட்டுக்கொள்ளும் ‘மூல அனலாக் டேப்பிலிருந்து’ (டிஜிட்டல் எண்களாக மாற்றாமல் என்று பொருள்) என்ற வரிக்கும் இதைச் சொல்லலாம். மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனம் தன் விலையுயர்ந்த தட்டுகளில் இடையில் ஒரு டிஜிட்டல் படியைப் பயன்படுத்தியது 2022இல் அம்பலமானது. வழக்குவரை போனது. அதுவரை பல ஆண்டுகள், லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்கிய காதுகள் அந்தத் தட்டுகளைக் கேட்டு மெய்மறந்துதான் இருந்தன.

சரி, ‘ஆக்சிஸ்’ ஆல்பத்தின் மூல டேப் என்ன ஆனது? முதல் பக்கத்தின் மாஸ்டர் டேப்பை ஹென்ட்ரிக்ஸ் ஒரு டாக்சியில் விட்டுவிட்டார். ஒரே இரவில் மறுபடி மிக்ஸ் செய்யவேண்டி, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை மறுபடி ஒன்றாகக் கலக்கவேண்டி வந்தது. ‘இஃப் சிக்ஸ் வாஸ் நைன்’ என்ற ஒரு பாட்டுக்கு மட்டும் முந்தைய மிக்ஸ் போல அமையவே இல்லை. கடைசியில் பேஸ் கிதார் வாசித்த நோயல் ரெடிங் தன்னிடம் இருந்த டேப் நகல் ஒன்றைக் கொண்டுவந்தார். அது கசங்கிப்போய் இருந்ததால், இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சரிசெய்துதான் ஓடவிட்டார்களாம். பின்னாளில் ரெடிங்கே சொன்னது இது.