பால் கட்டும், இரத்தம் உடையும்

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் மாமா கேட்டுவிட்டார்: "நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர்தானே தள்ளுது? நம்ம வீட்டுத் தண்ணிப் பம்பு இதைவிட அதிகமா இறைக்குமே. இதுல என்னா பெரிய வித்தை?" தளர்ந்த இதயத்துக்குத் துணையாக நெஞ்சுக்குள் பொருத்தும் பம்பைப் பற்றித்தான் பேச்சு.

மாமா ரப்பர் பால் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். அதனால் பதிலை அவரிடமிருந்தே எடுத்தேன். செறிவூட்டிய பாலை நிமிடத்துக்கு 14,000 சுற்று வேகத்தில் கலக்கி, எத்தனை வினாடியில் திரிகிறது என்று பார்ப்பார்கள். 650 வினாடியாவது தாங்க வேண்டும். மரத்தில் வடியும் பாலை ஏந்தும் கிண்ணமான மங்கில் கிடக்கும் பால் கட்டிப்பால் ஆவது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும் (இப்போது எங்கும் செம்பனை, மங்கைப் பார்த்த பிள்ளைகளே குறைவு). கட்டாமலிருக்க அம்மோனியா விட்ட பாலும் வேகமாக அடித்தால் கட்டும் என்பது மாமா மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும்.

இரத்தமும் தண்ணீர் இல்லை. பாலில் ரப்பர் துளிகள் மிதப்பதுபோல இதில் உயிரணுக்கள் மிதக்கின்றன. பம்பின் சுவரை ஒட்டிய இரத்தம் அசையாது. ஏறக்குறைய ஒரு முடியளவு தள்ளி, சுழன்று இரத்தத்தைத் தள்ளும் சுழலியை ஒட்டிய இரத்தமோ பறக்கும். நடுவில் மாட்டிய சிவப்பணுவை ஒரு பக்கம் இழுக்கும், மறுபக்கம் பிடித்து நிறுத்தும். பாடநூல் இதைச் சறுக்குத் தகைவு என்கிறது. நம் தமனிச் சுவரில் இது சில பாஸ்கல்தான். 150 பாஸ்கலைத் தாண்டி நீடித்தால் சிவப்பணு உடையத் தொடங்கும். கண்ணிமைக்கும் நேரம் மட்டும் என்றால் இன்னும் அதிகம் தாங்கும். ஆனால் உடம்பிலுள்ள இரத்தமே சுமார் 5 லிட்டர்தான். அப்படியானால் ஓர் அணு நிமிடத்துக்கு ஒரு முறை, நாளுக்கு ஆயிரம் முறைக்கு மேல் அந்தச் சந்தில் புகுந்து வர வேண்டும்.

உடையாமலே அணுவின் சவ்வு இழுபட்டு, துளை விட்டு, உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் கசிவதும் உண்டு. ஹாப்டோகுளோபின் என்ற புரதம் அதை அள்ளிக்கொள்ளும். அது தீர்ந்துபோனால் மிச்சம் சிறுநீரகத்துக்குப் போகும். சிறுநீர் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் இறங்கும். இரத்தக் குழாய்களைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் இந்தக் கசிந்த ஹீமோகுளோபின் விழுங்கிவிடுவதால் குழாய்கள் இறுகும்.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது வோன் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம். காயம் பட்ட இடத்தில் தட்டணுக்களைப் பிடித்துக் கட்டும் நூல் அது. சாதாரணமாகச் சுருண்டு கிடக்கும். பம்பின் இழுப்பில் நீண்டு விரியும். விரிந்ததை ஒரு நொதி வெட்டிவிடும். நீளம் குறைந்த நூல் சரியாகக் கட்டாது. அதனால்தான் பம்பு வைத்தவர்கள் சிலருக்கு மூக்கிலும் குடலிலும் இரத்தம் கசிகிறது.

"அப்ப மெதுவா சுத்தினா போச்சு!" என்றார் மாமா.

மெதுவானால் மங்கில் கிடக்கும் பால் கதைதான். தேங்கும் மூலையில் இரத்தம் உறையும். உறைந்த கட்டி சந்தை இன்னும் குறுக்கும், அணுக்கள் இன்னும் உடையும். அதனால்தான் உறைவைத் தடுக்க வார்ஃபரின் மாத்திரை. ஒரு பக்கம் கசிவு, மறுபக்கம் உறைவு. மருத்துவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

இந்த வகைப் பம்புகளில் பழைய மாதிரியான ஹார்ட்மேட் 2இல் சிறு சுழலி தாங்கிகளின்மேல் நிமிடத்துக்கு 9,000 சுற்றையொட்டி ஓடும். 2017இல் அமெரிக்கா அனுமதித்த ஹார்ட்மேட் 3இல் பெரிய சுழலி காந்தத்தில் அந்தரமாக மிதக்கிறது. சந்து அகலம், வேகமும் 5,000–6,000 சுற்றுதான். போதாததற்கு, 2 வினாடிக்கு ஒரு முறை தானே வேகத்தைக் குறைத்துக் கூட்டி, மூலை முடுக்கெல்லாம் கழுவிக்கொள்கிறது. பம்புக்குள் உறைவது இதனால் வெகுவாகக் குறைந்தது. அந்த நூல் மட்டும் இதிலும் அறுபடுகிறது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக.