நிறைக்கோடு படுக்கும் மாதம்

வன்னியில் மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ கிளினிக் நாளில் தராசடியில் நிற்கும் தாய் முதலில் கேட்பது "எத்தனை கிலோ, மிஸ்?" என்பதைத்தான். அந்த எண்ணைப் பக்கத்தில் நிற்பவரின் பிள்ளையுடைய எண்ணோடு ஒப்பிட்டு மனம் நொந்து வீடு திரும்புவோர் பலர். குடும்பநல உத்தியோகத்தர் அதைப் பதிவேட்டில் புள்ளியாக இட்டு, சென்ற மாதப் புள்ளியோடு நிறைக்கோடாக இணைக்கும்போதுதான் அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கிறது.

ஒன்பது மாதத்தில் 8 கிலோ நிறையுள்ள இரண்டு ஆண் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருவன் ஆறாம் மாதத்தில் 7.1 கிலோ இருந்தவன். சற்றுச் சிறிய உடல்வாகு, ஆனால் தன் பாதையில் சீராக ஏறுகிறான். மற்றவன் ஆறாம் மாதத்திலேயே 7.9 கிலோ இருந்தவன். ஏறக்குறைய 1 கிலோ கூடியிருக்க வேண்டிய மூன்று மாதங்களில் 100 கிராம் மட்டுமே கூடியிருக்கிறான். இன்றைய நிறையை மட்டும் பார்த்தால் இருவருக்கும் வேறுபாடில்லை, ஆனால் இரண்டாமவனுக்கு உடனே கவனிப்புத் தேவை.

கண்ணால் பார்த்து இதை ஏன் கண்டுபிடிக்க முடிவதில்லை? உணவு குறையும்போதோ காய்ச்சல் வரும்போதோ, உடல் இருக்கும் சக்தியை முதலில் மூளைக்கும் இதயத்துக்கும் உடற்சூட்டுக்கும் ஒதுக்குகிறது. வளர்ச்சிக்கான பங்கையே முதலில் குறைக்கிறது. ஆகவே பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும்போதே நிறைக்கோடு மேலே ஏறாமல் படுத்துவிடும். பற்றாக்குறை மாதக்கணக்கில் நீடித்தால் நீள் எலும்புகளின் நுனிகளிலுள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு மெதுவாகி உயரமும் பின்தங்கும். இரண்டு வயதுக்குப் பின் அந்த இழப்பை ஈடுசெய்வது கடினம் என்பதால்தான் நிறைக்கோட்டின் முதல் தளர்வை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

வன்னியில் இந்தக் கோட்டை வயற்காலத்தோடு சேர்த்து வாசிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் வெள்ளம் கிணற்றில் கலந்தால் வயிற்றோட்டம் வரும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடைக்குத் தாய் கூலிக்குப் போனால் பிள்ளைக்குக் கிடைக்கும் வேளைகள் குறையும். எந்த மாதத்தில் கோடு படுத்தது என்று கேட்டாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும். தாயைக் குற்றம் சொல்வதற்காக அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

பிள்ளையின் கோட்டோடு ஒப்பிடப் பதிவேட்டில் உள்ள வளைகோடுகளும் சரியாக இருக்க வேண்டும். முன்னர் உலகெங்கும் பயன்பட்டவை பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளின் அளவுகள். அவற்றோடு ஒப்பிட்டபோது நலமான தாய்ப்பால் குழந்தைகளும் நான்காம் மாதத்துக்குப் பின் பின்தங்குவதாகத் தோன்றினர். பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய நாடுகளில், தாய்ப்பாலூட்டி வளர்த்த குழந்தைகளை அளந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட தரவளவுகள் இந்தப் பிழையைத் திருத்தின.

ஒன்பது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 230 கிராம்தான் கூடும். நனைந்த ஒரு துணியே அதில் பெரும்பங்கை மறைத்துவிடும் என்பதால் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, உடைகளைக் களைந்து நிறுப்பது அவசியம்.

கோடு படுத்த பிள்ளைக்கு நாம் வழக்கமாகக் கொடுப்பது கஞ்சி. இங்கேதான் சிக்கல். 8 கிலோ பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 240 மில்லிலீற்றர்தான் கொள்ளும். சூட்டில் அரிசியின் மாப்பொருள் நீரை உறிஞ்சி வீங்குவதால், பிள்ளை விழுங்கத்தக்கதாக இளக்க மேலும் நீர் ஊற்றுகிறோம். முடிவில் வயிற்றை நிரப்புவது பெரும்பாலும் நீரே. தடித்த கஞ்சியில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டால் ஏறக்குறைய 40 கலோரி கூடும். வறுத்த பயற்றம்மாவோ, முள் நீக்கி மசித்த குளத்து மீனோ, முட்டையோ புரதத்தைத் தரும்.

குரக்கனை (கேழ்வரகை) ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. முளைக்கும் தானியத்தில் மாப்பொருளை வெட்டும் நொதியம் உருவாகிறது. தடித்த கஞ்சி சற்று ஆறியதும் அந்த மாவில் ஒரு தேக்கரண்டி கலந்தால், நீர் சேர்க்காமலே சில நிமிடங்களில் அது இளகும்; பின்னர் மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்து ஊட்டலாம். அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு, ஆகவே கூடுதல் சக்தி.

நோய் தணிந்த பின் குறைந்தது இரண்டு கிழமைக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்ட வேண்டும்; தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. இவ்வளவும் செய்து அடுத்த கிளினிக் நாளிலும் கோடு ஏறவில்லையென்றால், சிறுநீர்த் தொற்று, இரத்தசோகை, பிறவி இதயக் குறை போன்றவை மறைந்திருக்கலாம். பதிவேட்டுடன் அன்றைக்கே வைத்தியரிடம் பிள்ளையைக் காட்ட வேண்டும்.