அலையன்ஸ்: கல்யாணத் தரகரும் நேட்டோவும் சொல்லும் ஒரே சொல்

"பொண்ணுக்கு ஒரு நல்ல அலையன்ஸ் வந்திருக்கு" என்று யாராவது சொன்னால் ஜாதகம், மாப்பிள்ளையின் சம்பளம், சொஜ்ஜி பஜ்ஜி எல்லாம் நினைவுக்கு வரும். பீரங்கி நினைவுக்கு வராது. ஆனால் 2024 மார்ச் 7 அன்று சுவீடன் நேட்டோ என்ற ராணுவ அமைப்பில் சேர்ந்து, அதற்கு 11 மாதம் முன்பே சேர்ந்திருந்த பின்லாந்துக்கு 'அலை' (ally, அலையன்ஸில் சேர்ந்த நாடு) ஆனது என்று ஆங்கிலச் செய்தி சொன்னதும் இதே சொல்லின் குடும்பத்தைத்தான்.

நம் வீட்டுப் பேச்சு ஒன்றும் தவறல்ல. லத்தீனில் 'அல்லிகாரே' என்றால் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் கட்டுவது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, அரசர்களின் உடன்படிக்கையையும் திருமண உறவையும் சேர்த்தே குறித்தது. நம் 'சம்பந்தம்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: சம் என்றால் கூட, பந்தம் என்றால் கட்டு. பின்லாந்துக்காரர்களும் இப்படித்தான். சேர்ப்பது என்ற வினையிலிருந்து வந்த 'லீட்டோ' அவர்களுக்குக் கூட்டணி. கல்யாணத்துக்குப் பெயர் 'அவியோலீட்டோ'.

சரி, இந்த 'அலை'க்குத் தமிழில் என்ன சொல்வது? நாளிதழ்களில் மூன்று சொற்கள் மாறி மாறி வருகின்றன: நட்பு நாடு, நேச நாடு, கூட்டணி நாடு.

வயதில் மூத்தது நட்பு. 'நள்' என்ற வேருக்கு நெருங்குதல், சேர்தல் என்று பொருள். படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் என்று அரசனுக்கு ஆறு உறுப்புகளைச் சொல்கிறது 381-ஆம் குறள். அங்கே நட்பு என்பது நம்மோடு டீ குடிக்கும் நண்பரல்ல, துணை நிற்கும் வேற்று அரசர். பழந்தமிழில் பகைவரைச் சொல்லும் சொற்களைப் பார்த்தால் இன்னும் சுவையாக இருக்கும்: நள்ளார், நண்ணார், ஒன்னார், கூடார். எல்லாமே 'சேராதவர்' என்பதன் வேறு வேறு வடிவங்கள். சேராவிட்டாலே பகையா என்று கேட்டால், அதற்கும் ஒரு சொல் இருக்கிறது: நொதுமல். நடுவுநிலைமையை விளக்கும்போது பகை, நொதுமல், நட்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார் பரிமேலழகர். இரண்டு பக்கமும் சாராத அந்த நடு இடம்தான் நொதுமல்.

சுவீடன் 200 ஆண்டுக்கும் மேலாக உட்கார்ந்திருந்த நாற்காலி அது. கடைசியாகப் போரிட்டது 1814-இல். நாம் 'அணிசேரா' என்று எதிர்மறையில் சொல்வதை அவர்கள் 'அலியான்ஸ்ஃப்ரி', அதாவது கூட்டணியிலிருந்து விடுபட்டது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள்.

அதற்காகப் பின்லாந்தோடு நட்பு இல்லாமல் போகவில்லை. 1809-இல் ரஷ்யாவிடம் இழக்கும்வரை சுமார் 600 ஆண்டுகள் பின்லாந்து சுவீடனின் பகுதியாக இருந்தது. சுவீடிஷ் இன்றும் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தபோது, 'பின்லாந்தின் பிரச்சினை நம் பிரச்சினை' என்று சுவீடனில் சுவரொட்டி ஒட்டினார்கள். சுமார் 8,000 பேர் தொண்டர்களாகப் போனார்கள். ஆயுதம் போனது, பணம் போனது. போர் ஆண்டுகளில் சுமார் 70,000 பின்லாந்துக் குழந்தைகள், கழுத்தில் பெயர் அட்டை தொங்க, சுவீடனுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் சுவீடனின் ராணுவம் மட்டும் போகவில்லை. அரசு தன்னை 'நடுநிலை நாடு' என்றும் சொல்லவில்லை, 'போரிடாத நாடு' என்று ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தது. நெருங்கிய நண்பர், ஆனால் கட்டு இல்லை.

போருக்குப் பிறகும் கதை அதேதான். 1952 முதல் இரண்டு நாட்டவரும் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வரலாம். எல்லை ஆற்றின் இரு பக்கமும் இருக்கும் டோர்னியோவும் ஹாபரண்டாவும் ஒரே ஊர் மாதிரி. இரண்டுக்கும் சேர்த்து ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு. பின்லாந்தின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், சுவீடனில் அடித்த பந்து பின்லாந்தில் விழும்போது ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். இவ்வளவு இருந்தும் அப்போது அவர்கள் 'அலை' அல்ல. ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகக் கொள்ளும் நேட்டோ ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவுக்குள் வந்த பிறகுதான் அந்தப் பெயர். 2022 மே 18 அன்று இருவரும் சேர்ந்தே விண்ணப்பம் கொடுத்தார்கள்.

இந்த வேறுபாட்டை 'நட்பு நாடு' தாங்காது. குறள் காலத்தில் தாங்கியிருக்கலாம். இன்று அந்தச் சொல் இளகிவிட்டது, கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டாலே நட்பு நாடுதான். 1948-இல் சோவியத் யூனியன் பின்லாந்தோடு போட்ட ஒப்பந்தத்தின் பெயரிலேயே நட்பு, ஒத்துழைப்பு, பரஸ்பர உதவி மூன்றும் இருந்தன. நான்கு ஆண்டுகள் முன்புவரை இருவரும் சண்டை போட்டவர்கள்! 'நேச நாடுகள்' என்றால் தமிழ் வாசகருக்கு உலகப் போரும் எதிரே அச்சு நாடுகளும்தான். அதை அங்கேயே விட்டுவிடலாம்.

மிச்சம் இருப்பது கூட்டணி. தேர்தல் வாடை அடிக்கிறதே என்பார்கள். அடிக்கட்டும். தொகுதிப் பங்கீடு, ஒப்பந்தத் தாள், இரு தரப்புக் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கின்றன. எழுதிக் கட்டிக்கொண்ட உறவு என்ற பொருளை இன்று சரியாகச் சொல்வது அதுதான். ஆகவே 1939-இன் சுவீடன் பின்லாந்துக்கு நட்பு நாடு, 2024-இன் சுவீடன் கூட்டணி நாடு என்றே நான் எழுதுவேன்.

அப்புறம் ஒரு விஷயம். 1925 முதல் இரண்டு நாடுகளுக்கும் இடையே ஒரு தடகளப் போட்டி நடக்கிறது. சுவீடனில் அதன் பெயர் பின்லாந்துப் போட்டி, பின்லாந்தில் சுவீடன் போட்டி. கூட்டணியில் சேர்ந்த பிறகும் இரண்டு பேரும் பெயரை மாற்றவில்லை.