சப்ளையைப் பிடுங்கியும் எரிகிற எல்.இ.டி.

பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் வோல்டேஜைப் பார்க்க எம்.சி.பி.6002 ஆப்-ஆம்ப் (வோல்டேஜைப் பெருக்கும் சிப்) வைத்து ஒரு போர்டு செய்தேன் சார். 5 வோல்ட் சப்ளையைக் கழற்றிய பிறகும் போர்டில் எல்.இ.டி. மங்கலாக எரிகிறது. கெப்பாசிட்டரில் மிச்சச் சார்ஜ் இருக்கும் என்றான் நண்பன். ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன், காலையிலும் எரிகிறது."

நல்ல சோதனை. மிச்சச் சார்ஜ் விடியும்வரை தாங்காது.

அவர் போர்டில் பேட்டரியிலிருந்து சிப்பின் இன்புட்டுக்கு 2 கிலோஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து தரைக்கு (பூஜ்ய வோல்ட் லைனுக்கு) 1 கிலோஓம். மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் இன்புட்டுக்குப் போகிறது. சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் வந்தாலும் இன்புட்டில் 4.8 தான். கணக்கு சரி. ஆனால் இந்த சிப்பின் இன்புட் எவ்வளவு தாங்கும் என்பது அதன் சப்ளையைப் பொறுத்தது. சப்ளையை எடுத்துவிட்டால் 4.8 வோல்ட்டும் அதிகம்.

இன்புட் என்பது உள்ளே ஒரு மாஸ் டிரான்சிஸ்டரின் கேட், அதாவது அதைக் கட்டுப்படுத்தும் முனை. அதன் அடியில் இருக்கும் ஆக்சைடு படலம் நானோமீட்டர் கணக்கில் மெல்லியது; விரல் நுனியிலிருந்து பாயும் நிலைமின்சாரமே அதைத் துளைத்துவிடும். அதனால் சிப்புக்குள்ளேயே, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடு இரண்டு வைத்திருக்கிறார்கள். ஒன்று தரைக்கு, இன்னொன்று சப்ளைக்கு. இன்புட் வோல்டேஜ் சப்ளையைவிடச் சுமார் 0.6 வோல்ட் ஏறியதும் மேல் டையோடு திறந்து, மிகுந்ததை வழியவிடும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஏரி நிரம்பினால் கலங்கலில் வழிகிறது. வழிந்த தண்ணீர் எங்கே போகும்? அடுத்த ஏரிக்கு. இங்கே அடுத்த ஏரி, சிப்பின் சப்ளை லைன். பேட்டரி மின்சாரம் ரெசிஸ்டர், இன்புட், டையோடு வழியாகச் சப்ளை லைனுக்குள் புகுந்து எல்.இ.டி.யை எரிக்கிறது. ராத்திரி முழுக்க அந்த போர்டு தன் இன்புட் வழியாகத்தான் உயிர் வாழ்ந்தது!

சரி, எரிந்தால் என்ன? இந்த இன்புட் பின்னில் 2 மில்லிஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்கிறது டேட்டாஷீட், அதாவது சிப் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பு. அந்த 1 கிலோஓம் ரெசிஸ்டரின் சோல்டர் விட்டுப்போனால் பேட்டரியின் முழு 14.4 வோல்ட்டும் 2 கிலோஓம் வழியாக இன்புட்டை நெருக்கும். சப்ளை இருந்தாலும், டையோடு திறக்கும் 5.6-க்கு மேல் மிஞ்சுகிற 8.8 வோல்ட்டால் 4.4 மில்லிஆம்பியர் பாயும். டையோடு தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ரெசிஸ்டர்களைப் பத்து மடங்காக்கி 20, 10 கிலோஓம் போட்டால்? 0.44 மில்லிஆம்பியர். இன்புட் பிழைத்தது. ஆனால் அடுத்த ஏரி? சிப்பின் இரண்டு ஆப்-ஆம்பும் சேர்ந்து செலவழிப்பது சுமார் 0.2 மில்லிஆம்பியர்தான். மீதியை இப்போது எல்.இ.டி. குடித்துக்கொள்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று எல்.இ.டி.யைக் கழற்றினால், மிஞ்சும் 0.24 மில்லிஆம்பியருக்குப் போக்கிடம் இல்லை. 5 வோல்ட்டை நிலையாகத் தரும் சாதாரண ரெகுலேட்டர் மின்சாரத்தைக் கொடுக்கும், திரும்ப வாங்கிக்கொள்ளாது. சப்ளை லைனில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால், அது 5 வோல்ட்டிலிருந்து 7 வோல்ட்டுக்கு ஏற நொடியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். 7 வோல்ட்தான் இந்த சிப்பின் உச்ச வரம்பு. இன்புட்டைக் காப்பாற்றி, சப்ளை வழியாகக் கொன்றுவிடுவோம்.

பல கல்லூரி லேப்களில் சிப் எரிந்தால் மாணவரிடம் காசு வாங்குவதோடு சரி. எனக்கு அது ஆறாத வருத்தம். எரிந்த சிப்பை மேஜையில் வைத்து, மின்சாரம் எந்த வழியாகப் போனது என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும்.

அந்த மாணவருக்கு நான் சொன்னது: 200, 100 கிலோஓம் போடுங்கள். இன்புட் இழுப்பது பைக்கோஆம்பியர் கணக்கில்தான் என்பதால் அளவு பிசகாது. சோல்டர் விட்டாலும் 0.044 மில்லிஆம்பியர்தான் வரும். சிப்பே அதைத் தின்றுவிடும். கூடவே சப்ளைக்கும் தரைக்கும் நடுவே 5.6 வோல்ட் ஜீனர் (அந்த வோல்டேஜைத் தாண்டினால் மின்சாரத்தை வழியவிடும் டையோடு) ஒன்று இருக்கட்டும். அதுதான் கடைசி ஏரியின் கலங்கல். அப்புறம் எல்.இ.டி.யைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கலாம்.